முத்துலட்சுமி ரெட்டியும் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அரசின் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். 'முதல் பெண்' என்று தொடங்கும் பொது அறிவுக் கேள்விகளில் பாதிக்கு அவர்தான் விடை. ஆனால் சட்டசபையில் அவர் என்ன செய்தார், எந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் 'தேவதாசி முறையை ஒழித்தார்' என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருபது வருடக் கதை இருக்கிறது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பொட்டுக்கட்டு என்றால் என்ன?

ஒரு பெண் குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கு. அப்படி நேர்ந்துவிடப்பட்டவர்களைத்தான் தேவதாசிகள் என்பார்கள். பொட்டு என்பது தாலியில் கோக்கும் சின்ன வில்லை. சாதாரணக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவார். இங்கே மாப்பிள்ளை சாமி. சாமியின் பெயரால் அந்தப் பொட்டைக் குழந்தையின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். சில ஊர்களில் மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு கட்டாரியை வைத்து நடத்துவதும் உண்டு. பெரும்பாலும் பெண் வயதுக்கு வருவதற்கு முன்பே இது முடிந்துவிடும்.

எங்கள் பாட்டி 'பொட்டுக் கட்டினவங்க' என்று சொல்லும்போது குரல் தானாகவே இறங்கும். ஆனால் கல்யாண வீட்டில் தாலிக்கு மணி கோக்க அப்படி ஒரு அம்மாளைத்தான் தேடிக் கூப்பிடுவார்களாம், சாமியைக் கட்டியவள் விதவையே ஆகமாட்டாள் என்பதால். நித்திய சுமங்கலி என்று பெயர். மங்கலத்துக்கு வேண்டும், வீட்டுக்கு மருமகளாக வேண்டாம்.

அது கலை மரபுதானே? அதை ஏன் குழந்தைச் சுரண்டல் என்கிறீர்கள்?

கலை மரபு என்பது உண்மை. சதிர் ஆட்டமும் பதம், ஜாவளிப் பாடல்களும் இந்தப் பெண்களின் வீடுகளில்தான் உயிரோடு இருந்தன. சொத்தும் படிப்பும் பெயரும் இருந்த தேவதாசிகள் இருந்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கு எழுத்தே மறுக்கப்பட்ட காலத்தில் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தவர்கள் அவர்கள். இதையெல்லாம் மறுக்கவே வேண்டாம்.

முத்துலட்சுமி கேட்ட கேள்வி வேறு. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பொட்டின் பொருள் தெரியுமா? பொட்டு ஏறிவிட்டால் அவளுக்குச் சட்டப்படி கல்யாணம் கிடையாது. பெரியவளானதும் யாரோ ஒரு பெரிய மனிதரின் ஆதரவில் இருக்க வேண்டும். அவர் கைவிட்டால் இன்னொருவர். அதை அவளுடைய அம்மாவோ வளர்ப்புத் தாயோ முன்கூட்டியே பேசி முடிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் வருமானமும் ஜமீன் ஆதரவும் சுருங்கிவிட்டன. கலையால் சோறு போட முடிந்த வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டுவது மட்டும் நிற்கவில்லை.

இதில் தத்து என்று ஒரு பகுதியும் உண்டு. ஏழை வீட்டுப் பெண் குழந்தைகளை வாங்கித் தத்தெடுத்து, பொட்டுக் கட்டி வளர்ப்பது. பொட்டுக்கட்டை எதிர்த்துப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் வரலாற்றை எழுதியவர்கள், சிறு வயதில் அவரைப் பெற்றவர்கள் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தேவதாசியிடம் கொடுத்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார்கள். கலையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்தப் பழைய புடவையைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.

முத்துலட்சுமி எப்படிச் சட்டசபைக்கு வந்தார்? தேர்தலில் நின்றாரா?

இல்லை, நியமனம். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை 1921இல் கிடைத்தது. வேட்பாளராக நிற்கும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த வருடத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். இந்திய மாதர் சங்கம், 1917இல் அடையாறில் தொடங்கப்பட்ட அமைப்பு, ஒரு பெண்ணையாவது நியமிக்க வேண்டும் என்று அரசை வலியுறுத்தி முத்துலட்சுமியின் பெயரைக் கொடுத்தது. அவருக்கு அப்போது நாற்பது வயது. எழும்பூரில் மருத்துவராகப் பணியாற்றி, லண்டனில் மேல்பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். மருத்துவத் தொழில் கெட்டுவிடும் என்று முதலில் தயங்கினார், அப்புறம் ஒப்புக்கொண்டார்.

1927 ஜனவரியில் சபை அவரையே துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. உலகத்திலேயே ஒரு சட்டசபைக்குத் துணைத் தலைவரான முதல் பெண் என்று அன்றைக்கே பேசப்பட்டது.

ஒரு சின்ன விளக்கம். இதைப் பலர் பின்னாளைய 'மேலவை' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்போது மாகாணத்துக்கு ஒரே ஒரு சபைதான். மேலவை, பேரவை என்று இரண்டானது 1937இல்.

குழந்தைகளை விபச்சாரத்துக்கு விற்பது ஏற்கெனவே குற்றம்தானே? புதுச் சட்டம் எதற்கு?

நல்ல கேள்வி. அன்றைக்குச் சபையிலும் இதையேதான் கேட்டார்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் 1860இலிருந்தே இருந்தன. மைனர் பெண்ணை விபச்சாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம். முதலில் வயது வரம்பு 16. 1924இல் அதை 18 ஆக்கினார்கள். காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

நடைமுறையில்தான் சிக்கல். அந்தப் பெண் பிற்பாடு விபச்சாரத்துக்கு உட்படுத்தப்படுவாள் என்ற நோக்கத்தோடு இது நடந்தது என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். நடந்ததோ கோயிலில், மேளதாளத்தோடு, தேங்காய் பழத் தட்டோடு ஒரு சடங்கு. பெற்ற தாய் எதிராகச் சாட்சி சொல்வாளா? அர்ச்சகர் சொல்வாரா? 'சாமிக்குத்தானே நேர்ந்துவிட்டோம்' என்றால் பதில் சொல்ல ஆளில்லை. பிறப்புப் பதிவு சரியாக இல்லாத காலம். பெண்ணுக்கு வயதாகிவிட்டது என்று சாதித்தால் அதையும் உடைக்க முடியாது. குற்றம் எல்லார் கண் முன்னாலும் நடந்தது. ஆனால் அந்தச் சடங்குக்கே குற்றம் என்ற பெயர் சட்டத்தில் இல்லை.

அதனால்தான் சடங்கையே சட்டவிரோதமாக்க வேண்டும் என்றார் முத்துலட்சுமி. பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று காத்திருந்து நிரூபிப்பதில் பயனில்லை. பொட்டுக் கட்டும் கையை அங்கேயே பிடிக்க வேண்டும்.

1927இல் அவர் கொண்டுவந்தது சட்டமா, தீர்மானமா?

தீர்மானம். நவம்பர் மாதம் கொண்டுவந்தார். பெண் குழந்தைகளையும் இளம் பெண்களையும் இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடுவதை நிறுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்று பரிந்துரைப்பது அது. 'இளம் பெண்கள்' என்ற சொல்லை அவர் யோசித்துத்தான் சேர்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மைனர் என்று மட்டும் போட்டிருந்தால் வயதைக் கூட்டிச் சொல்லித் தப்பிக்கும் பழைய வழி அப்படியே இருந்திருக்கும். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. அரசோ சமய விஷயத்தில் கை வைக்கத் தயங்கியது.

அப்படியானால் அவருடைய முதல் சட்டம் எது?

1929இல் வந்த ஒரு திருத்தச் சட்டம். பள்ளிப் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. என்னைக் கேட்டால் அவர் செய்த காரியங்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய கோயில்களில் தேவதாசிகளுக்கு இனாம் நிலம் உண்டு. மானியம் என்றும் சொல்வார்கள். சாமி முன்னால் ஆட வேண்டும், பாட வேண்டும், கும்ப ஆரத்தி எடுக்க வேண்டும். அதற்குக் கூலியாக அந்த நிலத்தின் பலன். ஊழியம் இருக்கும்வரை நிலம் இருக்கும்.

இப்போது அந்த வீட்டு அம்மாவின் இடத்தில் நின்று பாருங்கள். வயதாகிறது. அடுத்து ஊழியம் செய்ய ஆள் இல்லையென்றால் நிலம் போய்விடும். நிலம் போனால் சோறு போய்விடும். வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவளுக்குப் பொட்டுக் கட்டினால் நிலம் தங்கும். பெண் குழந்தையே இல்லையென்றால் எங்கிருந்தாவது ஒன்றைத் தத்தெடுக்க வேண்டும். குழந்தையின் கழுத்தில் ஏறிய பொட்டின் மறுமுனை ஒரு வயல் வரப்பில் கட்டியிருந்தது.

முத்துலட்சுமி முதலில் அவிழ்த்தது அந்த முனையை. 1926ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு, 44-ஏ, சேர்க்க மசோதா கொண்டுவந்தார். அது 1929ஆம் ஆண்டின் 5ஆம் எண் சென்னைச் சட்டமாக நிறைவேறியது. இனாம் நிலத்துக்கு ஒரு தீர்வை விதித்து, ஊழிய நிபந்தனையிலிருந்து நிலத்தை விடுவிப்பதுதான் அதன் சாரம். நிலம் இருக்கும், ஊழியம் இருக்காது. அதாவது, நிலத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் போயிற்று.

இதில் யாருக்கும் சிறை இல்லை, அபராதம் இல்லை. ஒரு தாய் தன் மகளைக் கொடுக்கக் காரணமாக இருந்த கணக்கைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். குழந்தைகளைக் காக்கச் சட்டம் போடுகிறோம் என்றால் நமக்கு உடனே தோன்றுவது தண்டனையைக் கூட்டுவது. முத்துலட்சுமி தண்டனைக்கு முன்னால் வரப்பைப் பார்த்தார். நிலம் இல்லாத வீடுகளுக்கு இந்தச் சட்டத்தால் பயன் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் அடுத்த மசோதா.

அந்த அடுத்த மசோதா என்ன ஆயிற்று?

1930 ஜனவரியில் அறிமுகம் செய்தார். பொட்டுக்கட்டுச் சடங்கையே சட்டவிரோதமாக்கும் மசோதா. பொதுமக்கள் கருத்தறிய அதைச் சுற்றுக்கு விட்டார்கள். மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். தனிநபர் மசோதாவை, கொண்டுவந்தவர் சபையில் இல்லாவிட்டால் தூக்கிச் செல்ல ஆள் இருக்காது. அது அப்படியே நின்றுபோனது.

அவர் விலகியிருக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கான மசோதா கையில் இருக்கும்போது அரசியலுக்காக எழுந்து போகலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாடே சிறைக்குப் போய்க்கொண்டிருந்த மாதம் அது. தன்னை நியமித்த அரசு காந்தியைச் சிறையில் வைத்திருக்க, அதே அரசின் சபையில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் வலி இருந்த முடிவு அது. அதன் விலை பதினேழு வருடத் தாமதம்.

யார் எதிர்த்தார்கள்?

சமயத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற தரப்பு. சபைக்குள்ளே இருந்த எதிர்ப்பாளர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. காங்கிரஸின் பெரிய பேச்சாளர், தேசியவாதி. நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் மறுபக்கம் என்று இந்தக் கதையைப் பிரிக்க முடியாது. காந்தியோ முத்துலட்சுமியை ஆதரித்தார். பெரியாரின் 'குடிஅரசு' மசோதாவை ஆதரித்து எழுதியது. காந்தியும் பெரியாரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

தேவதாசிகளே எதிர்த்தார்களாமே, உண்மையா?

உண்மை. இதை மறைத்துவிட்டு முத்துலட்சுமியைப் பாராட்டுவது அவருக்கும் மரியாதை இல்லை.

சென்னையில் தேவதாசிகள் சங்கம் அமைத்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் பெங்களூர் நாகரத்னம்மாள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். அவர்கள் சொன்னது இதுதான்: எங்கள் எல்லாரையும் விபச்சாரிகள் என்று ஒரே முத்திரை குத்தாதீர்கள். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கலை உண்டு, பக்தி உண்டு. எங்களில் சிலர் வழி தவறினால் எங்களுக்குப் படிப்பைக் கொடுங்கள், எங்கள் வாழ்க்கையைப் பிடுங்காதீர்கள்.

வளர்ந்த பெண்களாக அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அன்றைய சீர்திருத்தப் பேச்சுகள் அந்தப் பெண்களை எவ்வளவு கேவலமாகப் பேசின என்பதை இன்று படித்தால் கூசுகிறது. முத்துலட்சுமியின் சொற்களும் சில இடங்களில் கடுமையானவைதான். கோயிலை விட்டு அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற வேறு பெயரில், வேறு வீட்டுப் பெண்களின் மேடையில் மரியாதையோடு ஏறியது. பாடுபட்டுக் காத்தவர்களுக்கு அந்த மரியாதை போய்ச் சேரவில்லை.

ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பெரியவர்கள். பொட்டுக் கட்டப்படவிருந்த குழந்தைகளால் மனுப் போட முடியாது. அவர்களுக்காகவும் ஒருவர் பேச வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

முத்துலட்சுமியின் தாயாரும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது உண்மையா?

ஆமாம். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகம். முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு வந்தபோது, ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம்.

'அதனால்தான் அவர் இதைக் கையில் எடுத்தார்' என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. எழும்பூர் மருத்துவமனையில் பேறுகால வார்டில் வேலை பார்த்த மருத்துவர் அவர். உடம்பு முழுதாக வளராத சிறுமிகள் பிள்ளை பெற முடியாமல் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். பிறந்த வீடு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த வார்டு நிச்சயம் ஒரு காரணம்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டா?

சட்டத்தை டெல்லியில் மத்தியச் சட்டசபையில் கொண்டுவந்தவர் ராஜபுதனத்தைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா. அதனால்தான் அது சாரதா சட்டம். சிலர் நினைப்பதுபோல சாரதா என்பது பெண் பெயர் இல்லை. 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18.

முத்துலட்சுமி அதற்கு முன்பே, 1928இல், சென்னைச் சபையில் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அன்றைக்கு அது அதிகபட்ச ஆசை. சாரதா சட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. மீறி நடந்த கல்யாணம் செல்லாது என்றும் அது சொல்லவில்லை. சட்டம் நிறைவேறியதற்கும் அமலுக்கு வந்ததற்கும் இடையில் இருந்த ஆறு மாதத்தில், முந்திக்கொள்ள வேண்டும் என்று நாடு முழுவதும் சின்னக் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஒரு சட்டத்தை அறிவித்துவிட்டு நாள் குறித்துக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

சபையை விட்டு வந்த பிறகு?

அடுத்து நடந்தது ஒரு வீட்டு வாசலில். பொட்டுக்கட்டிலிருந்து தப்பிவந்த இளம் பெண்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். சென்னையில் இருந்த பெண்கள் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தச் சாதியா, மற்றப் பெண்களின் பெற்றோர் ஒப்பமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பொட்டு வேண்டாம் என்று ஒரு பெண் துணிந்து வீட்டை விட்டு வெளியே வருகிறாள். சட்டசபையும் மேடைகளும் அதைத்தானே அவளுக்குச் சொல்லின? வந்தவளுக்கு அன்று ராத்திரி படுக்க ஓர் இடம் இல்லை.

முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-31 வாக்கில் அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். பிறகு அடையாறுக்குப் போய்ப் பெரிதாக வளர்ந்தது. ஆதரவற்ற பெண் பிள்ளைகள் எந்தச் சாதியானாலும் அங்கே தங்கிப் படிக்கலாம். படித்து நர்ஸாகவும் டீச்சராகவும் வெளியே போனார்கள். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதும் அவர் முயற்சிதான், ஆனால் அது தனிக் கதை.

கடைசியில் சட்டம் எப்போது வந்தது? அது என்ன சொல்கிறது?

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். 1947ஆம் ஆண்டின் 31ஆம் எண் சென்னைச் சட்டம். அப்போதைய சென்னை மாகாணம் என்பதால் இன்றைய ஆந்திராவின் பெரும்பகுதிக்கும் மலபாருக்கும் அது பொருந்தியது.

மூன்று விஷயங்கள் அதில் முக்கியம். பெண்ணை நேர்ந்துவிடும் எந்தச் சடங்கும் செல்லாது, அது சட்டவிரோதம். ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்ட பெண் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம், பழைய சடங்கு அதற்குத் தடை இல்லை. சடங்கைச் செய்தவர், அனுமதித்தவர், கலந்துகொண்டவர், உடந்தையாக இருந்தவர் எல்லாருக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டாவதை மக்கள் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஏற்கெனவே பொட்டு ஏறிவிட்ட ஒரு பெண்ணிடம், 'உனக்கு இனிமேலும் ஒரு வாழ்க்கை உண்டு' என்று அரசு எழுதிக் கொடுத்த வரி அது.

சட்டத்தில் குறை இல்லையா?

இருக்கிறது. தண்டனைக்குரியவர்களில் பொட்டுக் கட்டிக்கொண்ட பெண்ணும் அடக்கம். பதினாறு வயதைத் தாண்டியவளாக இருந்தால் அவளும் குற்றவாளி. பாதிக்கப்பட்டவளைக் கூண்டில் நிறுத்தினால் அவள் எப்படிப் புகார் கொடுக்க வருவாள்? அவளை வைத்திருந்த ஆணைப் பற்றியோ சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. சடங்கில் கலந்துகொள்ளாதவரை அவர் பெயர் எங்கேயும் வராது. மறுவாழ்வுக்கு என்று ஒரு ரூபாய்கூட அதில் ஒதுக்கவில்லை. ஔவை இல்லத்தை ஒரு தனி மனுஷி நடத்திக் காட்டிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைப் பார்த்தாவது அரசு கற்றுக்கொண்டிருக்கலாம்.

முத்துலட்சுமி ஒருவர்தான் இதைச் சாதித்தாரா?

இல்லை. அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. சபைக்குள் அவர் பேசிக்கொண்டிருந்த அதே வருடங்களில், தஞ்சாவூர் ஜில்லாவில் ஊர் ஊராகப் போய், அந்தப் பழைய புடவைக்கு விற்கப்பட்ட ராமாமிர்தம் அம்மையார் பேசிக்கொண்டிருந்தார். மேடை ஏறிப் பழக்கமில்லாத பெண்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து, 'உன் மகளுக்கு வேண்டாம்' என்று சொன்னார். சொந்தக்காரர்களே அவரை எதிர்த்தார்கள். இசை வேளாளர் சமூகத்து ஆண்களும் பெண்களும் மாநாடு போட்டு, இனி எங்கள் வீட்டில் பொட்டுக்கட்டு கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் திண்ணைப் பேச்சு இல்லாமல் சட்டம் மட்டும் வந்திருந்தால், சாரதா சட்டத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

வேறு இடங்களில் இப்படிச் சட்டங்கள் உண்டா?

உண்டு. மைசூர் சமஸ்தானம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தன் கோயில்களில் இதைத் தடுத்தது. திருவிதாங்கூரில் 1930இல் மகாராணி சேதுலட்சுமி பாய் நிறுத்தினார். பம்பாய் மாகாணச் சட்டம் 1934இல். கர்நாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் புதுச் சட்டம் இயற்றின. இத்தனை வருடம் கழித்துப் புதுச் சட்டம் தேவைப்பட்டது என்பதே, பழக்கம் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி.

இன்று தமிழ்நாட்டில் இது நடக்கிறதா?

பழைய கோயில் தேவதாசி முறை இல்லை. ஆனால் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒட்டிய ஆந்திரப் பகுதியிலும் சிறுமிகளை 'மாத்தம்மா' என்று அம்மனுக்கு நேர்ந்துவிடுவதாக வந்த புகாரை வைத்து, தேசிய மனித உரிமை ஆணையம் 2017இல் இரண்டு அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பிழைத்தால் உனக்கே தருகிறேன் என்ற வேண்டுதலில் தொடங்குவது அது. வைத்தியத்துக்கு வழியில்லாத ஏழை வீடுகளில்தான் அந்த வேண்டுதல் நடக்கிறது. முத்துலட்சுமியின் காலத்தில் நிலம் இருந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது.

ஒரு சிறுமியை நேர்ந்துவிடுகிறார்கள், அல்லது கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது?

1098க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம். ஊர், தெரு, கோயில், என்றைக்குச் சடங்கு என்பது தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் இன்று சட்டப்படி குழந்தைகள். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில், கல்யாணம் நடப்பதற்கு முன்பே நீதிமன்றம் தடை உத்தரவு போட முடியும். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

அந்தக் குழந்தை படிக்கிற பள்ளியின் டீச்சரிடமும் சொல்லிவையுங்கள். மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை என்றால் முதலில் தெரியப்போவது அந்த டீச்சருக்குத்தான்.